206-20: நீரில் இறங்கும் வண்டிக்கு ஒரு பேரிங் வேட்டை

நிலத்திலும் நீரிலும் ஓடும் ஆறு சக்கர, எட்டுச் சக்கர வண்டிகளுக்குக் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் பழைய வீடு. அங்கே நியூ ஹாம்பர்க் என்ற சிற்றூரில் 1967 முதல் ஆர்கோ வண்டிகள் தயாராகின்றன. அதற்கும் முன்பே ஜிகர் என்றொரு குட்டி வண்டி கனடாவில் வந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மறைந்தது. அமெரிக்காவின் ஒஹாயோவில் செய்த அட்டெக்ஸுக்கும் பின்னாளில் அதே கதிதான். இப்படி அநாதையான வண்டிகள் பல ஏரிக்கரைக் கொட்டகைகளில் இன்னும் கிடக்கின்றன. எஞ்சினைக் கொஞ்சம் கவனித்தால் ஓடவும் செய்கின்றன. ஆக்ஸில் பேரிங் தேடும்போதுதான் பாடு தொடங்குகிறது.

நான் பார்த்தது வடக்கே மீன்பிடிக்கப் போகும் நண்பர் ஒருவரின் பழைய ஆறு சக்கர வண்டி. ஆறு ஆக்ஸில், ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மொத்தம் 12 பேரிங். மற்ற வண்டிகளில் பேரிங் போனால் சத்தம் வரும். இதில் தண்ணீர் வரும். ஆக்ஸில் வெளியேறும் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால், பேரிங் ஆடத் தொடங்கியதும் சீலின் உதடு தேய்கிறது. பிறகு ஏரி வண்டிக்குள் வந்துவிடுகிறது.

சத்தத்தை நம்பவும் முடியாது. இந்த வண்டிகளுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. இரண்டு, மூன்று பிஎஸ்ஐ காற்றோடு தொளதொளவென்றிருக்கும் டயர்தான் எல்லா அதிர்ச்சியையும் வாங்குகிறது; பேரிங்கின் உறுமலையும் அதுவே விழுங்கிவிடும். ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதுதான் வழி. முன், பின் சக்கரங்களில் ஆட்டம் அதிகம் இருந்தது. காரணம் எளிது: இந்த வண்டி சக்கரத்தைத் திருப்பித் திரும்புவதில்லை. ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டித்தான் திரும்புகிறது. அப்போது நடுச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல, ஓரத்துச் சக்கரங்கள் மண்ணைப் பக்கவாட்டில் அரைத்துக்கொண்டு போகின்றன. அந்தத் தள்ளு முழுவதும் வெளிப்பக்க பேரிங்கில் இறங்குகிறது.

"இது உந்த வண்டிக்கெண்டே செய்த சாமான், தம்பி. கடையில கிடையாது" என்று நண்பர் அடித்துச் சொன்னார். வண்டிப் பெயரைப் போட்டுத் தேடினால் அப்படித்தான் தோன்றும். கிடைக்கிற ஒன்றிரண்டு பெட்டிகளுக்கும் விலை எகிறிக் கிடக்கும். கழற்றிய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, வளையத்தின் முகத்தைத் துடைத்தபோது எண் தெரிந்தது: 206-20. விவசாயக் கருவியிலும் கன்வேயரிலும் ஓடுகிற சாதாரண இன்சர்ட் பேரிங்தான். நகரத்தில் எந்தத் தொழிற்சாலை பேரிங் கடையிலும் கிடைக்கும்.

ஆனால் அந்தக் கடைசி இலக்கங்களில் ஒரு கண்ணி இருக்கிறது. 06 என்பதை ஐந்தால் பெருக்கினால் 30 மி.மீ. உள்துளை. கோட்டுக்குப் பின்னால் எண் வந்தால் அங்குலக் கணக்கு; பதினாறில் ஒரு பங்காக எண்ண வேண்டும். 20 என்றால் ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.75 மி.மீ. 206-19 என்றால் 30.16 மி.மீ. இவை எல்லாவற்றுக்கும் வெளி விட்டம் ஒரே 62 மி.மீ. என்பதால் ஒரே ஃபிளேஞ்சில் சமத்தாக உட்கார்ந்துகொள்ளும். 30 மி.மீ. தண்டில் 206-19-ஐப் போட்டால், இருக்கிற இடைவெளி 0.16 மி.மீ.தான், திருகை இறுக்கியதும் கண்ணுக்கே தெரியாது. ஓடும்போது வளையம் தண்டின்மேல் நழுவி, தண்டையே அரைத்துவிடும். ஆகவே எண்ணைப் படித்த பிறகும் தேயாத இடத்தில் காலிப்பர் வைத்துத் தண்டை அளக்க வேண்டும். முன்பு யாரோ தவறான பேரிங்கைப் போட்டிருந்தால் பொறித்த எண்ணும் பொய்தான் சொல்லும்.

எண்ணுக்கு முன்னால் வரும் எழுத்தும் முக்கியம். எஸ்ஏ வகையில் மையம் விலகிய காலர் தண்டைப் பிடிக்கும். யூசி வகையில் இரண்டு செட் ஸ்க்ரூ. ஒரே திசையில் சுற்றும் தண்டுக்குக் காலர் அருமை, சுற்றச் சுற்ற இறுகும். சேற்றில் முன்னும் பின்னும் மாறி மாறி ஓட்டுகிற வண்டிக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. யூசி வாங்கி, திருகுக்கு லாக்டைட் தடவினோம். யூசியின் வெளி வளையத்தில் கிரீஸ் போகத் துளை உண்டு. ஆனால் நிப்பிள் வைத்த ஹவுஸிங் இருந்தால்தான் அதனால் பயன். இரண்டு தகடுகளுக்கிடையே பேரிங்கைச் செருகும் மலிவு ஃபிளேஞ்சில் அந்தத் துளை சும்மா கிடக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் வளையம் யூசியில் அகலமானது. செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு இடம் விடுகிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும். எங்களுக்கு மயிரிழையில் தப்பியது.

இணையத்தில் பெயரில்லாத பத்துப் பேரிங் கட்டு ஒன்றும் மிக மலிவாகக் கிடைத்தது. ஒன்றைக் கையில் சுற்றியபோதே கரகரத்தது. சீல் விளிம்பில் கிரீஸ் பெயருக்குத்தான் இருந்தது. பிராண்ட் பெயரில் போலியும் ஏராளம் என்பதால், அசல்தானா என்று சரிபார்க்கும் இரண்டு செயலிகளைச் சோதித்தேன். எஸ்கேஎஃப் ஆதென்டிகேட்டில் படம் எடுத்து அனுப்பினால் நிறுவனத்தின் ஆட்கள் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அது சரியான முறை, ஆனால் கடை வாசலில் நின்றுகொண்டு முடிவெடுக்க உதவாது. ஷேஃப்லரின் ஆரிஜின்செக் பெட்டியிலுள்ள சதுரக் குறியீட்டை ஸ்கேன் செய்கிறது. வேகம் அதிகம், பெட்டி இல்லாத சரக்குக்குப் பயனில்லை. தெரிந்த கடையில் பில்லோடு வாங்குவது இரண்டையும்விட மேல்.

ஸ்டெயின்லெஸ் பேரிங்குக்குக் காசு கொட்ட வேண்டாம். ஓடிச் சூடான ஹவுஸிங் குளிர்ந்த ஏரியில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரைச் சீல் வழியே உறிஞ்சுகிறது. துரு பிடிக்காத குண்டாக இருந்தாலும் கிரீஸ் கரைந்துபோனால் தேயத்தான் செய்யும். அந்தப் பணத்தை இரட்டை உதட்டுச் சீலுக்கும் நீரில் கரையாத மரைன் கிரீஸுக்கும் போடலாம். சீலுக்கும் இதே வழிதான்: தண்டு விட்டம், துளை விட்டம், தடிமன் மூன்றையும் சொன்னால் கடைக்காரர் எடுத்துத் தருவார், வண்டிப் பெயர் தேவையில்லை. துருவேறிய பழைய ஃபிளேஞ்ச் தகடுகளுக்கு மட்டும் மாற்று கிடைக்கவில்லை. அவற்றின் போல்ட் இடைவெளி எந்தப் புதுத் தகட்டோடும் ஒத்துவரவில்லை. கம்பித் தூரிகையால் தேய்த்து, பெயின்ட் அடித்துத் திரும்பப் போட்டிருக்கிறார் நண்பர்.