பூசணிக்கு இரண்டு முகம்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் இருங்காட்டுக்கோட்டை தாண்டியதும் பென்னலூர் வரும். அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். தப்பில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு பொறியியல் கல்லூரி, வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள், ஷிஃப்ட் முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் கம்பெனி பஸ்கள், நடுநடுவே டீக்கடைகள்.

சென்ற அக்டோபரில் அங்கே பஸ்ஸுக்காக நின்றபோதுதான் அவரைப் பார்த்தேன். பாதி எழும்பிய ஒரு கட்டடத்தின் முன்தூணில் கட்டி வைத்திருந்தார்கள். சாயம் போன நீலக் கம்பெனிச் சட்டை, பழைய பேன்ட், உள்ளே வைக்கோல். தலைக்குப் பதிலாக ஒரு சாம்பல் பூசணி. அதில் சுண்ணாம்பால் தோசைக்கல் மாதிரி இரண்டு கண்கள், கரியால் மீசை, கடைவாயில் இரண்டு பல், தொங்கும் சிவப்பு நாக்கு. காற்றடித்தபோது லேசாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்குப் பயமே இல்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

இந்த வாரம் சினிமா விமர்சனம் இல்லை, புத்தக விமர்சனம் இல்லை. அந்தத் திருஷ்டி பொம்மைக்குத்தான் விமர்சனம்.

காரணம் இருக்கிறது. ஒரகடம் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் என் அண்ணன் மகள் அன்று காலையில்தான் போன் பண்ணியிருந்தாள்.

"சித்தப்பா, முப்பத்தொண்ணாம் தேதி எங்க அப்பார்ட்மென்ட்ல ஹாலோவீன். எல்லாரும் வாசல்ல அலங்காரம் பண்ணணுமாம். ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு எழுநூறு ரூபா சொல்றான். சிலந்தி வலை தனி, வௌவால் தனி. செலவில்லாம வீட்லயே செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்."

"ஹாலோவீன்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"பசங்க பேய் வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போய் சாக்லேட் வாங்குவாங்க. அவ்ளோதானே?"

அவ்வளவுதான் இல்லை. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்குச் சகல புனிதர்கள் திருநாள். அதற்கு முந்தைய இரவுதான் ஹாலோவீன். அதற்கும் பின்னால் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும்போது கொண்டாடிய பழைய விழா ஒன்று இருக்கிறது. அந்த இரவில் ஆவிகள் நடமாடும் என்று நம்பினார்கள். அவற்றை விரட்ட அவர்கள் முகம் குடைந்தது பூசணியில் இல்லை, டர்னிப்பில். நம்மூர் நூக்கல் மாதிரி ஒரு கிழங்கு. அப்படி ஒரு டர்னிப் முகத்தின் வார்ப்பு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்னதுதான். ஆனால் இன்றைய பிளாஸ்டிக் பேய்கள் பத்தைச் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. 19-ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடி அமெரிக்கா போன ஐரிஷ்காரர்கள், அங்கே பெரிதாகவும் குடைவதற்குச் சுலபமாகவும் ஒரு காயைக் கண்டார்கள். டர்னிப் தப்பித்தது, பூசணி மாட்டிக்கொண்டது.

அந்த மஞ்சள் பூசணி நம் ஊருக்கும் கடல் கடந்து வந்ததுதான். பறங்கியர் கொண்டுவந்ததால் பறங்கிக்காய். நாம் திருஷ்டிக்குக் கட்டும் சாம்பல் பூசணி வேறு, அது ஆசியாவின் காய். தாவர சாஸ்திரப்படி இரண்டும் ஒரே குடும்பம், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. ஒருவரை ஒருவர் கேட்காமலே, இரண்டு கண்டத்து மனிதர்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே முகத்தை வரைந்திருக்கிறார்கள். உருட்டிய கண், கோரப்பல். பயத்துக்கு ஊர் உலகமெல்லாம் ஒரே ஜாடைதான் போலிருக்கிறது.

சரி, விமர்சனத்துக்கு வருவோம்.

முதலில் தொழில்நுட்பம். அவர்கள் குடைகிறார்கள், நாம் எழுதுகிறோம். இதற்குக் காரணம் தட்பவெப்பம். நம்மூர் அக்டோபரில் பறங்கிக்காயைக் குடைந்து வாசலில் வைத்தால் இரண்டாம் நாள் கொசு வரும், மூன்றாம் நாள் நாற்றம் வரும், நாலாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். சாம்பல் பூசணியின் மேல் விபூதி பூசின மாதிரி படிந்திருப்பது இயற்கை மெழுகு. தோலைக் கீறாமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கத்தியைத் தொடாமல் தூரிகையை எடுத்த நம் ஆட்களுக்கு இது தெரிந்திருக்கிறது.

அடுத்தது வண்ணம். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்கு அடுப்புக்கரி. சிவப்புக்குக் கடைக்குப் போக வேண்டாம். மஞ்சள்தூளைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். ஆரத்தித் தட்டில் நாம் தினசரி பார்க்கிற ரசாயனம்தான், அப்படியே ரத்தச் சிவப்பு. மூன்று வண்ணத்துக்கும் சேர்த்துச் செலவு ஒரு காபிக்கு ஆகாது.

மூன்றாவது அளவு. மூக்கு ஏனோதானோவென்று இருக்கும், காது இருக்கவே இருக்காது. எல்லா இடத்தையும் கண்ணே எடுத்துக்கொள்ளும். ஓவியருக்குத் தெரியாமல் நடந்ததில்லை இது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் ஒரு நொடியில் பார்த்துவிட வேண்டும். விளம்பர போர்டு வரைகிறவர்கள் காலேஜில் படித்துத் தெரிந்துகொள்கிற பாடம்.

கட்டடத்துக்குப் பக்கத்தில் போய்க் காவல்காரரிடம் கேட்டேன்.

"யாருங்க இதைச் செஞ்சது?"

"நாந்தான் சார். மேஸ்திரி ஒண்ணு கட்டுய்யான்னாரு. கடையில வாங்கினா காசு."

"கண்ணு ஏன் இவ்ளோ பெருசு?"

"பாக்கறவங்கள அது முதல்ல பாக்கணும் இல்ல?"

திருஷ்டி சாஸ்திரம் முழுக்க இந்த ஒரு வரிதான். ஊர்க்கண் கட்டடத்தின் மேல் விழுவதற்கு முன்னால் பொம்மை மேல் விழ வேண்டும். கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதே. முதல் பார்வையைப் பிடித்து நிறுத்துவதுதான் கலையின் வேலை என்றால், அவர் கலைஞர்.

"சட்டை யாருது?"

அதற்கு மட்டும் கொஞ்சம் தயங்கினார். "எம் பையனோடது சார். கான்ட்ராக்ட் முடிஞ்சிருச்சு. இனிமே போட்டுக்கிட்டுப் போக முடியாது. தூக்கிப் போடவும் மனசு வரல."

எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறேன்? திரும்பிப் பார்த்தபோது பொம்மை வேறு மாதிரி தெரிந்தது. அதுவரை முகத்தைத்தான் பார்த்திருந்தேன். இப்போது சட்டையைப் பார்த்தேன்.

இங்கேதான் திருஷ்டிக் கலையோடு எனக்குத் தகராறு. இந்தச் சாலையில் திருஷ்டி கழிக்காத தொழில் கிடையாது. ஆயுத பூஜை அன்று பட்டறைகளில் இயந்திரத்துக்குச் சந்தனம், லாரிக்கு மாலை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். சாதாரண நாளிலேயே லாரி பம்பரில் பழைய செருப்பு ஒன்று தொங்கும். கேட்டால் பொறாமைக் கண் என்பார்கள். ஆனால் இந்தப் பகுதிக்கு விழுந்த பெரிய அடிகள் எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாலும் விழவில்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. உலகத்துக்கே செல்போன் செய்து அனுப்பியது. வரித் தகராறு வந்தது. 2014-ல் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது இந்த ஆலையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த வருடம் நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றுபோனது. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. அதாவது அந்த ஆலையின் கடைசி இரவு ஒரு ஹாலோவீன் இரவு. பின்னாளில் வேறொரு நிறுவனம் அந்த வளாகத்தை வாங்கி மறுபடி வேலை தொடங்கியது என்பது வேறு கதை.

வேலை போவது ஏதோ ஒரு தூர தேசத்து அலுவலகத்தில், நம்மைப் பார்க்கவே பார்க்காத ஒருவர் போடும் கையெழுத்தில். கண் பட்டதால் இல்லை, கண்ணிலேயே படாததால் வருகிற கெடுதல் அது. எவ்வளவு பெரிய கண் வரைந்தாலும் பொம்மையால் அதைப் பிடிக்க முடியாது. நாமோ, டீக்கடையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து கடன் சொல்லி டீ குடிக்கிறவனின் கண்ணைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம். விலாசம் தவறிப்போன பயம்.

இரண்டாவது தகராறு பூசணி உடைப்பது. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு முன்னால் போலீஸ் கெஞ்சுகிறது, நடுரோட்டில் உடைக்காதீர்கள் என்று. நாம் உடைக்கிறோம். நம் கடைக்கு வந்த திருஷ்டி கழிந்துவிடுகிறது. இரவு ஷிஃப்ட் முடிந்து டூ வீலரில் வரும் ஒரு பையன் அந்தச் சதையில் சறுக்குகிறான். கழித்த திருஷ்டியை அவன் தலையில் போட்டுவிட்டோம் என்றுதானே அர்த்தம்? உடைத்தே ஆக வேண்டும் என்றால் ஓரமாக உடைத்து, அள்ளிப் போடுங்கள். ஓரத்தில் உடைத்தால் பலிக்காது என்று எந்த சாமியும் சொன்னதாகத் தெரியவில்லை.

மூன்றாவது, கடையில் விற்கும் ஃபைபர் முகங்கள். அச்சில் வார்த்தவை. பென்னலூரிலும் அதே முகம், பெரம்பூரிலும் அதே முகம். ஒரே முகத்தை நூறு இடத்தில் பார்த்தால் பேய்க்கே சலித்துப்போகும். எழுநூறு ரூபாய் எலும்புக்கூட்டுக்கும் இதே குற்றச்சாட்டுதான்.

அப்படியானால் ஹாலோவீன் மட்டும் உசத்தியா என்று கேட்பீர்கள். ஒரு விஷயத்தில் ஆமாம். நம் வாசல் பூசணி "பார்க்காதே, போ" என்கிறது. அவர்கள் வாசல் பூசணி "இந்த வீட்டில் ஆள் இருக்கு, வந்து கதவைத் தட்டு" என்கிறது. ஏறக்குறைய ஒரே முகம், நேர் எதிரான பேச்சு. தெருக் குழந்தைகளுக்குக் கதவு திறந்து கை நிறையக் கொடுத்தால், அந்த வீட்டின் மேல் யார் கண் வைப்பார்கள்?

இதுவும் நமக்குப் புதிது இல்லை. குலசேகரப்பட்டினம் தசராவில் பக்தர்கள் காளியாக, குரங்காக, குறவனாக, போலீசாக வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்கிறார்கள். நவராத்திரியில் கொலு வைத்த வீடுகளுக்குக் குழந்தைகள் படை எடுத்து, ஒரு பாட்டுப் பாடி, சுண்டலோடு திரும்பியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேஷம், வீடு வீடாகப் போவது, கை நிறையப் பண்டம். சாக்லேட் மட்டும்தான் இறக்குமதி.

அதனால் அண்ணன் மகளிடம் கொண்டாடாதே என்று சொல்லவில்லை. வாங்காதே என்று மட்டும் சொன்னேன். போனில் கொடுத்த பட்டியலை உங்களுக்கும் தருகிறேன்.

பழைய வெள்ளை வேட்டியைக் கெட்டிக் கஞ்சியில் தோய்த்து, கவிழ்த்த குடத்தின் மேல் போட்டு வெயிலில் காய விடவும். காய்ந்ததும் குடத்தை மெல்ல உருவினால் ஆள் இல்லாத பேய் தானாக நிற்கும். உள்ளே ஒரு சின்ன பல்பு வைக்கலாம். மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம், துணி பற்றிக்கொள்ளும்.

தேங்காய்க்கு ஆண்டவனே மூன்று கண் வைத்துவிட்டான். கண் இருக்கும் பாதி கொட்டாங்கச்சியில் கரியால் இரண்டு புருவம் தீட்டினால் போதும், பாதி மண்டை ஓடு தயார்.

பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, மைதாப் பசை சேர்த்து, எண்ணெய் தடவின கிண்ணத்தின் மேல் நாலைந்து அடுக்கு ஒட்டிக் காய வைத்தால் முகமூடி. செய்தித்தாளில் வருவதைப் பார்த்தால் பயமுறுத்த வேறு வண்ணமே தேவையில்லை.

கடைசியாக, முழுச் சாம்பல் பூசணி ஒன்று.

அதற்கு நான் ஓவியரையே அழைத்துப் போனேன். பென்னலூர்க் காவல்காரருக்கு அன்று விடுமுறை. முதலில் குடியிருப்பின் கேட்டில் அவரை நிறுத்திப் பெயர், ஊர், யாரைப் பார்க்கணும் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினார். எனக்கு அந்த நோட்டை நீட்டவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே போய் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுண்ணாம்பைக் குழைத்ததும், ஸ்பைடர்மேன், டிராகுலா, ஒரு குட்டி மோகினி எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். கண் எழுதி முடித்ததும் மோகினி இரண்டடி பின்னால் போனாள். அங்கே கூட்டிப் பெருக்குகிற அம்மாவின் பையன் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் மகள் அவனைக் கூப்பிட்டு நாக்குக்குச் சிவப்பு பூசச் சொன்னாள். பட்டியலில் நான் சொல்லாதது இது.

மறுநாள் போன் வந்தது.

"சித்தப்பா, பூசணிய என்ன பண்றது? உடைக்கணுமா?"

"எதுக்கும்மா? சுண்ணாம்பு, மஞ்சள், கரி, அவ்வளவுதானே மேல இருக்கு. நல்லாக் கழுவித் தோலைத் தடிமனாச் சீவிடு. பேய் போயிடும்."

"அப்புறம்?"

"மோர்க்குழம்பு வை. அந்தப் பையன் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பு."