வில்லங்கம் இல்லாத பெண்

நிலம் வாங்குகிறவர்கள் முதலில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்ப்பார்கள். சொத்தின்மேல் அடமானம் ஏதும் இருக்கிறதா என்று அதில் தெரியும். ராணுவ மருத்துவமனைகளைச் சேர்ந்த கல்லூரிகளின் பி.எஸ்சி. நர்சிங் அறிவிப்பிலும் இதே சொல் வருகிறது. திருமணமாகாதவர், விவாகரத்தானவர், சட்டப்படி பிரிந்தவர், 'என்கம்பிரன்ஸ்' இல்லாத விதவை ஆகியோரே விண்ணப்பிக்கலாம் என்கிறது அது. பத்திர எழுத்தரிடம் கேட்டால் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வில்லங்கம் என்றுதான் தமிழ் சொல்வார். நிலத்துக்கு அடமானம் வில்லங்கம்; விதவைக்கு அவள் பெற்ற பிள்ளை வில்லங்கம். கணவனோடு வாழ்கிறவளுக்கோ இடமே இல்லை.

நர்ஸ்கள் தினத்தன்று மேடைக்கு மேடை தாயுள்ளம் என்று புகழ்கிறார்கள். தாய்மையைக் குணமாகக் கேட்கும் தொழில், தாயை ஆளாகக் கண்டால் தயங்குகிறது. ராணுவ நர்ஸாக இருந்த செலினா ஜானைத் திருமணத்தைக் காரணம் காட்டி 1988இல் பணியிலிருந்து விடுவித்தார்கள். அந்த விதி 1995இல் விலக்கப்பட்டது. அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 பிப்ரவரியில். இடையில் போனது 36 வருடம். வேலையில் இருப்பவளுக்குக் கிடைத்த இந்த நியாயம் படிக்க வருகிறவளை இன்னும் எட்டவில்லை.

ராணுவத்துக்கு வெளியே இப்படி எழுதிவைப்பதில்லை. அங்கே கால அட்டவணையே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி வகுப்புக்கு 80 சதவீத வருகை போதும். பட்டம் பெற வார்டுப் பயிற்சியை 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட ஒவ்வொரு நாளும் தாயின் கணக்கில் பாக்கியாக ஏறுகிறது.

சூரமங்கலத்தில் வீட்டிலிருந்தே கொலுசுக்குப் பற்றவைக்கும் இளம்பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு நர்சிங் படிக்க நினைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலை ஷிப்டுக்கு அவள் பஸ் ஏறும் நேரத்தில் அங்கன்வாடி திறந்திருக்காது. 1961ஆம் வருட மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. அது ஊழியருக்கானது. அதே வார்டில் படுக்கை விரித்து, ரத்த அழுத்தம் பார்த்து, மருந்து கொடுக்கப் பழகும் மாணவி ஊழியரல்ல. ஆகவே மாமியாரோ அம்மாவோ சம்மதித்தால்தான் அவளுக்குப் படிப்பு. சம்பளமில்லாத இன்னொரு பெண்ணின் உழைப்பை நம்பியே கல்லூரி அவளுக்கு இடம் தருகிறது.

எனவே கேட்க வேண்டியது சலுகையல்ல. பயிற்சி மருத்துவமனையின் காப்பகத்தில் மாணவியின் பிள்ளைக்கும் இடம், விடுபட்ட பயிற்சி நாள்களை ஈடுசெய்ய முன்கூட்டியே குறித்த தேதிகள், வீட்டிலிருந்து வந்துபோக அனுமதி, இவை மூன்றும் வேண்டும். விண்ணப்பப் படிவத்திலிருந்து அந்த வில்லங்கச் சொல்லையும் எடுத்துவிட வேண்டும்.