மெட்ஃபார்மினும் காசநோயும்: சென்னை சோதனை எந்தக் கதையை ஆதரிக்குது?

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினைக் காசநோய் மருந்துகளோட சேர்த்துக் கொடுத்தா என்ன ஆகும்? சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதைச் சோதிச்சு, 2022-ல் முடிவை வெளியிட்டது. சோதனையின் பெயர் மெட்ரிஃப். மொத்தம் 322 நோயாளிகள். ஒரு பிரிவுக்கு வழக்கமான நாலு மருந்து. இன்னொரு பிரிவுக்கு அதோட தினம் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின்.

சளியில் கிருமி மறைய ரெண்டு பிரிவுக்கும் ஏறக்குறைய ஒரே காலம்தான் ஆச்சு, நடுமதிப்பு 42 நாள். ஆனா மெட்ஃபார்மின் பிரிவில் அழற்சி குறைஞ்சுது, எக்ஸ்ரேயில் நுரையீரல் சேதமும் குறைவாத் தெரிஞ்சுது.

இதை மேற்கோள் காட்டுறவங்க பலர் "மைட்டோகாண்ட்ரியா வழியா வேலை செய்யுது"ன்னு ஒரு வரி சேர்த்துடறாங்க. என் புகார் அந்த வரி மேலதான்.

மைட்டோகாண்ட்ரியா செல்லின் மின் நிலையம்னு பள்ளியில் படிச்சோம். அது பாதிதான். எங்க செஞ்சி ராஜகிரிக் கோட்டை உச்சியில் நெற்களஞ்சியமும் இருக்கு, மணிக்கூண்டும் இருக்கு; மைட்டோகாண்ட்ரியா ரெண்டு வேலையையும் பார்க்குது. வைரஸ் நுழைஞ்சா எச்சரிக்கை கொடுக்கும் மேவ்ஸ் என்ற புரதம் அதோட வெளிச்சவ்வில்தான் உட்கார்ந்திருக்குன்னு 2005-லயே தெரிஞ்சுபோச்சு. அங்கே உருவாகும் வினைத்திறன்மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளும் அப்படித்தான்: கிருமியைக் கொல்ல உதவும், அழற்சியையும் கிளப்பும்.

சிக்கல் இங்கதான். 2014-ல் சிங்கப்பூர் குழு, மெட்ஃபார்மின் இந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் *கூட்டி*, மேக்ரோஃபேஜுக்குள் காசநோய்க் கிருமி வளரவிடாமப் பண்ணுதுன்னு காட்டுச்சு. 2015-ல் டப்ளின் குழு, தூண்டப்பட்ட எலி மேக்ரோஃபேஜ்களில் அதே மருந்து அதே மூலக்கூறுகளைக் *குறைச்சு*, ஐஎல்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை அடக்குதுன்னு சொல்லுச்சு. (டப்ளின் ஆய்வில் தூண்டினது காசநோய்க் கிருமி இல்லை, வேற பாக்டீரியாவின் உறைப்பொருள். இதை மறந்துடக் கூடாது.)

மெட்ரிஃப் முடிவை இந்த ரெண்டுக்கும் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. கிருமி வேகமா ஒழியலை, அழற்சி குறைஞ்சுது. எனக்கு இது டப்ளின் கதைக்கு நெருக்கமாப் படுது. ஆனா எல்லாரும் சிங்கப்பூர் ஆய்வைத்தான் காரணமாச் சொல்றாங்க. நியாயமாச் சொல்லணும்னா, சிங்கப்பூர் எலிகளிலும் நுரையீரல் அழற்சி குறைஞ்சுது. நாலு வீரியமான மருந்து கிருமியை அடிச்சுக்கிட்டிருக்கும்போது அஞ்சாவதின் பங்கு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். 2017-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எலி ஆய்வும், முதல்நிலை மருந்துகளோட மெட்ஃபார்மினைச் சேர்த்துக் கூடுதல் பலன் இல்லைன்னுதான் முடிச்சுது.

சளி, எக்ஸ்ரே, ரத்தத்தில் அழற்சிக் குறியீடுகள், இந்த மூணை வெச்சு எந்தச் செல்லுறுப்பு வேலை செஞ்சுதுன்னு சொல்ல முடியாது. லாக்ல பிழை நின்னுபோச்சுன்னா எந்த மாட்யூல் காரணம்னு ஆயிடாது. நோயாளிகளின் மோனோசைட்டுகளை எடுத்து, சிகிச்சைக்கு முன்னும் எட்டாவது வாரத்திலும் மைட்டோகாண்ட்ரியாவின் ஆக்சிஜன் மூலக்கூறு அளவைப் பார்த்தா கேள்வி ஓரளவு தீரும்.

இது வெறும் கோட்பாட்டுச் சண்டை இல்லை. சளி நெகட்டிவ் ஆகி, மருந்து முடிச்ச பிறகும் மூச்சு வாங்கிக்கிட்டே வாழறவங்க நிறைய. அவங்களுக்கு வேண்டியது கிருமியைக் கொல்ற அஞ்சாவது மருந்து இல்லை, நுரையீரல் கிழியாமப் பார்த்துக்கற ஒண்ணு. மைட்டோகாண்ட்ரியாவின் மணியை ஓங்கி அடிக்கணுமா, அமர்த்தணுமான்னு தெரியாம அடுத்த மருந்தை எப்படித் தேர்ந்தெடுப்பீங்க?