முன்... பின்...

பல் டாக்டரின் வரவேற்பறையில் வாசிக்கக் கிடைப்பவை இரண்டு. ஒன்று, அட்டை கிழிந்த பழைய வாரப் பத்திரிகை. மற்றது, வழவழ தாளில் ‘உங்கள் புன்னகையை மாற்றுங்கள்’ என்கிற கலர் பிரசுரம். முதலாவதை விமரிசிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். இரண்டாவதை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் படித்தவுடன் பர்ஸைத் திறக்க வைக்கும் எழுத்து அதுதான். கொஞ்சம் பார்த்துவிடலாம்.

வடிவம் எளிது. இரண்டு படங்கள். ‘முன்’, ‘பின்’. முன் படத்தில் பல் மட்டுமல்ல, எல்லாமே சோகம். மங்கல் வெளிச்சம், வறண்ட உதடு. பின் படத்தில் அதே வாய்க்கு லிப்ஸ்டிக் போட்டு பளீரென்று விளக்கடித்திருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது, எதைத் தேய்த்தார்கள், எத்தனை வருஷம் தாங்கும்? மூச்! நடுப்பகுதி இல்லாத ஒரு சிறுகதையை அனுப்பினால் எந்த ஆசிரியரும் திருப்பி அனுப்பிவிடுவார்.

இத்தனைக்கும் நடுப்பகுதிதான் சுவாரஸ்யம். பாண்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பல் மூலை உடைந்திருக்கிறது, அல்லது இரண்டு பல்லுக்கு நடுவே சந்து. பாஸ்பாரிக் அமில ஜெல்லை எனாமல் மேல் 15 முதல் 30 விநாடி தடவிக் கழுவுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழிகள் விழுகின்றன. அதில் பசை இறங்கிப் பிடித்துக்கொள்கிறது. மேலே காம்போசிட் என்ற, ரெசினும் பொடித்த கண்ணாடியும் கலந்த களிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து உருக்கொடுத்து, நீல வெளிச்சம் காட்டினால் விநாடிகளில் இறுகிவிடும். அப்புறம் பாலிஷ். பெரும்பாலும் மரத்துப்போகிற ஊசிகூட வேண்டாம். ஒரே சிட்டிங்கில் முடிந்துவிடும்.

இதற்கு வித்திட்டவர் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் இருந்த மைக்கேல் புவோனோகோர். உலோகத்தில் பெயிண்ட் நன்றாக ஒட்ட அமிலம் தடவுகிறார்களே, பல்லில் தடவினால் என்ன என்று யோசித்தார். 1955-ல் கட்டுரை வெளியிட்டார். ரஃபேல் போவன் 1962-ல் ஒரு புதிய ரெசினுக்குப் பேட்டன்ட் வாங்க, ஜோடி சேர்ந்துவிட்டது.

பாண்டிங் ஒருவகையில் சிற்ப வேலை. பார்த்துச் செய்ய வேண்டிய மாடல், பக்கத்துப் பல். கண்ணாடி முன் நின்று ஒருமுறை இளித்துப் பாருங்கள். பல் ஒரே வெள்ளை இல்லை. ஈறுக்கருகில் மஞ்சள், நுனியில் லேசாகக் கண்ணாடித்தன்மை. கோரைப்பல் மற்றவற்றைவிட மஞ்சள். இடது பல் வலது பல்லின் நகல் அல்ல. டாக்டர்கள் நிறம் பார்க்க வைத்திருக்கும் பழைய பட்டியலில் 16 ஷேட் உண்டு. நல்ல கைக்காரர் இரண்டு மூன்றைக் கலந்து வைப்பார். செய்து முடித்தபின் எது ஒட்டுவேலை என்று தெரியாது. அதுதான் வெற்றி.

பிரசுரத்தின் ‘பின்’ படம் இதற்கு நேர்மாறு. அங்கே வேலை தெரிய வேண்டும். எட்டுப் பல்லும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, பாத்ரூம் டைல்ஸ் மாதிரி. இயற்கைப் பல்லில் காணாத வெண்மைகளுக்கே இப்போது தனி ஷேட்கள் வந்துவிட்டன.

இந்த ரசனையைக் கற்றுக்கொடுத்தது சினிமா. ஹாலிவுட்டில் சார்லஸ் பின்கஸ் என்ற பல் மருத்துவர் 1930-களில் நடிகர்களுக்குத் தற்காலிக மேலுறைகள் செய்து கொடுத்தார். ஷிர்லி டெம்பிளுக்குப் பால்பல் விழுந்தபோது படத்தில் ஓட்டை தெரியாமலிருக்கவும் அவர்தான் செய்தார். பல் விழும் வயதில் பல் விழாத குழந்தை! நம் ஊரில் ‘கல்யாணராமன்’ (1979) படத்தில் கமல்ஹாசனுக்கு வெகுளி என்பதற்கு அடையாளமே எத்துப்பல்தான். பல் நேராக இருந்தால் ஹீரோ, துருத்தினால் அப்பாவி அல்லது காமெடியன். ‘முன் - பின்’ என்பது இந்தப் பழைய சினிமாக் கணக்கேதான். மாற்றி யோசித்தவர் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி. அதிகப்படியாக முளைத்த பற்களைச் சரிசெய்தால் குரல் மாறிவிடுமோ என்று அப்படியே விட்டார். 2018-ல் ‘பொஹீமியன் ராப்ஸடி’யில் அவராக நடித்த ராமி மாலிக், செயற்கை எத்துப்பல் மாட்டிக்கொண்டு ஆஸ்கர் வாங்கினார்.

‘அழகாக இருக்க ஆசைப்படுவது தப்பா?’ என்று கேட்பீர்கள். நிச்சயமாக இல்லை. பிரசுரத்தின் மேல் என் பெரிய புகாரே, யாருக்கு இது உண்மையில் தேவையோ அவர்கள் அதில் இல்லை என்பதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போய்ப் பாருங்கள். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், சுமாராக 8 வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமலில் பழுப்புக் கறை விழும். எந்தப் பேஸ்ட்டுக்கும் போகாது. ‘பல்லே விளக்க மாட்டாளா?’ என்ற கேள்விக்குப் பயந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்கள் அங்கே உண்டு. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. தண்ணீர் மாறியது. அதற்குமுன் வளர்ந்த பிள்ளைகளின் பல் மாறவில்லை. அவர்கள் இப்போது இன்டர்வியூவுக்கும் பெண் பார்க்கும் படலத்துக்கும் உட்காரும் வயதில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு இது ஃபேஷன் சமாசாரமே இல்லை. லேசான கறை என்றால் மேல்பரப்பை மெல்லச் சுரண்டியோ, பிளீச் செய்தோ சமாளிக்கலாம். ஆழமான பழுப்புக்கு பாண்டிங் அல்லது வெனீர். ஃப்ளோரைடு முற்றிய எனாமலில் பசை அவ்வளவு எளிதில் பிடிக்காது என்பதால் திறமை அதிகம் வேண்டும். அப்படி ஒரு பெண்ணின் ‘முன் - பின்’ படம் போட்டால் அந்தப் பிரசுரத்துக்கு என் முதல் பாராட்டு.

மற்றவர்களுக்கு: நாற்காலியில் சாய்வதற்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்.

ஒன்று, ‘நல்ல பல்லைத் தேய்ப்பீங்களா, எவ்வளவு?’ பாண்டிங்குக்குப் பெரும்பாலும் தேய்க்க வேண்டியதில்லை, அல்லது மிகக் கொஞ்சம். பீங்கான் வெனீருக்கு வழக்கமாக அரை மில்லிமீட்டர் அளவில் போய்விடும். எனாமல் திரும்ப வளராது.

இரண்டு, ‘எத்தனை வருஷம் தாங்கும்?’ பாண்டிங் சில வருஷங்களில் தேயும், காபியிலும் வெற்றிலையிலும் கறை பிடிக்கும், முறுக்கைக் கடித்தால் மூலை பெயரும். ஆனால் சுலபமாக ரிப்பேர் செய்யலாம். பீங்கான் அதிக நாள் உழைக்கும். உடைந்தால் செலவும் அதிகம்.

மூன்று, ‘வெள்ளையாக்கணும்னா முதல்ல பிளீச்சா, பாண்டிங்கா?’ பிளீச்தான் முதலில். காம்போசிட் பிளீச்சுக்கு வெளுக்காது. வரிசை மாறினால் பல் வெள்ளையாகி, ஒட்டியது மட்டும் மஞ்சளாகவே நிற்கும்.

மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டர் கிடைத்தால் விடாதீர்கள். ‘அதெல்லாம் எதுக்குங்க, ஆல்பத்தைப் பாருங்க’ என்றால் வாயை மூடிக்கொண்டு வந்துவிடுங்கள்.