லோ வோல்டேஜில் ஓம் விதி

ஒரே மாதிரியான ஐந்து பல்புகள், ஒரே மாதிரியான மூன்று மின்கல அடுக்குகள். முதல் சுற்றில் ஒரு பல்பு மட்டும். இரண்டாவதில் இரண்டு பல்புகள் தொடரிணைப்பில். மூன்றாவதில் இரண்டு பல்புகள் பக்க இணைப்பில். அக மின்தடையைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஐந்தையும் வெளிச்சத்தின்படி வரிசைப்படுத்துக. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தலை ஆராய்ந்த லில்லியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வால் பேர்பெற்ற கேள்வி இது. இதில் ஓர் எண்கூடக் கிடையாது. பல்கலைக்கழக மாணவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். மின்சுற்றுப் பாடத்தை வழக்கம்போல் நடத்தி முடித்த பிறகு கேட்டபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

தனிப் பல்பும் பக்க இணைப்பில் உள்ள இரண்டும் ஒரே அளவில் எரியும். தொடரிணைப்பில் உள்ளவை தங்களுக்குள் சமமாக, ஆனால் மங்கலாக எரியும். விடை இவ்வளவுதான். தவறியவர்கள் எப்படித் தவறினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும், பக்க இணைப்பில் அது இரண்டாகப் பிரிந்துவிடும் என்று நினைத்தவர்கள் உண்டு. தொடரிணைப்பின் முதல் பல்பு மின்னோட்டத்தில் ஒரு பங்கைச் செலவழித்துவிடும், மிச்சம்தான் அடுத்ததற்கு என்று நினைத்தவர்களும் உண்டு. இப்படிச் சொன்னவர்களிடம் 6 ஓமையும் 3 ஓமையும் பக்க இணைப்பில் கொடுத்துத் தொகுபயன் மின்தடை கேட்டிருந்தால், பலரும் 2 ஓம் என்று போட்டுக் காட்டியிருப்பார்கள். கணக்கு ஒரு பக்கம் ஓடுகிறது, சுற்று ஒரு பக்கம் கிடக்கிறது.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் நான்காம் அலகு மின்னோட்டவியல். அதில் வரும் கணக்குகளை ‘வெறும் பிரதியிடல்’ என்று தள்ளிவிடுவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. நான் அந்தக் கட்சி இல்லை. பெருக்கல், வகுத்தல், பக்க இணைப்புக்குக் கொஞ்சம் பின்னம்: இவ்வளவு கணிதம் போதும். லென்சுக் கணக்கில் எங்கே கூட்டல் குறி, எங்கே கழித்தல் குறி என்று படுத்தும் தொல்லைகூட இங்கே இல்லை. சூத்திரத்துக்கும் பிரதியிடலுக்கும் அலகுக்கும் படிப்படியாக மதிப்பெண் கிடைப்பதால், பத்தி பத்தியாக எழுதத் திணறும் பிள்ளைக்கு இது பெரிய பிடிமானம். திருத்துகிறவரின் விருப்பு வெறுப்பு உள்ளே நுழையவும் வழியில்லை.

இன்னொரு பெருமையும் உண்டு. பள்ளி இயற்பியலில் வீட்டுக்கு நேராக வந்து சேரும் கணக்கு இதைப்போல் வேறில்லை. வாளியில் போடும் ஹீட்டர் ராடு 1500 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது எடுப்பது சுமார் 6.5 ஆம்பியர். சுவரில் இருக்கும் 5 ஆம்ப்ஸ் பிளக்கில் அதைச் செருகக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அதோடு 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் சொருகினால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். ஒயர் ஏன் சுடுகிறது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

கணக்கை இன்னும் நீட்டலாம். 15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய 10.7 லட்சம் ஜூல் வேண்டும். 1500 வாட்டில் 12 நிமிடம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல் என்பதால், செலவு சுமார் 0.3 யூனிட். நாலு பேர் வீட்டில் ஆளுக்குத் தினம் ஒரு வாளி என்றால் இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 72 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட்டில் முக்கால் பங்கு குளியலறையிலேயே கரைந்துவிடுகிறது! வெப்ப இயற்பியல் பாடநூலில் மூன்றாம் அலகு, மின்னோட்டவியல் நான்காம் அலகு. பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் இரண்டையும் இப்படிக் கோத்துப் பார்க்கத் தேர்வு கட்டாயப்படுத்துவதில்லை.

கோளாறு, கணக்குக் கேட்கப்படும் விதத்தில் இருக்கிறது. நம் வினாக்களில் தேவையான தரவுகள் மட்டும் இருக்கும். ஒன்று கூட இருக்காது, ஒன்று குறைய இருக்காது. மின்னழுத்தமும் மின்தடையும் கொடுத்தால் மின்னோட்டம் கேட்பார்கள். திறனும் மின்னழுத்தமும் கொடுத்தால் மின்தடை. வி, ஐ, ஆர் மூன்றையும் முக்கோணத்தில் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்தால் மிச்சம் சூத்திரம் என்று டியூஷனில் ஓர் உத்தி சொல்லித் தருகிறார்கள். வேகத்துக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறையில் மாணவர் ஒருபோதும் தன்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வி ஒன்று உண்டு: இந்தச் சுற்றில் எது மாறாமல் இருக்கிறது?

மின்சுற்றுச் சிந்தனையில் பாதி இந்தக் கேள்விதான். மெக்டெர்மாட்டின் ஐந்து பல்புகளில் மாறாமல் இருப்பது மின்கலத்தின் மின்னழுத்தம். மின்னோட்டம் என்று எடுத்துக்கொண்டவர்கள் சறுக்கினார்கள். மின்தடை கூடினால் திறன் கூடுமா, குறையுமா என்று பத்தாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ‘ஐ ஸ்கொயர் ஆர்’ கூடும் என்கிறது, ‘வி ஸ்கொயர் பை ஆர்’ குறையும் என்கிறது. இரண்டும் ஒரே பக்கத்தில் அச்சாகியிருக்கும் சூத்திரங்கள். மின்னோட்டம் நிலையாக இருக்கிறதா, மின்னழுத்தம் நிலையாக இருக்கிறதா என்று கேட்காதவரை இந்தச் சிக்கல் அவிழாது. வினாத்தாள் தரவைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, அவிழ்க்கும் வேலையைத் தானே முடித்துவிடுகிறது.

இதற்கு நம் ஊரில் அருமையான சோதனைக் களம் இருக்கிறது: லோ வோல்டேஜ். சாயங்காலம் கிராமத்தில் 230 வோல்ட் 180-க்கு இறங்குகிறது. ராடின் மின்தடை ஏறக்குறைய மாறாது, சுமார் 35 ஓம். ஆகவே மின்னோட்டம் 6.5-லிருந்து 5.1 ஆம்பியருக்கு இறங்கும், திறன் 920 வாட்டுக்கு வந்துவிடும். அதே வாளி சூடேற 12 நிமிடத்துக்குப் பதில் 19 நிமிடத்துக்கு மேல் ஆகும். வெளியே வீணாகும் வெப்பத்தை ஒதுக்கிவிட்டால் யூனிட் அதே 0.3. ஓம் விதி இங்கே கச்சிதமாக வேலை செய்கிறது.

அதே நேரத்தில் தோட்டத்தில் அப்பா சொல்கிறார்: “வோல்டேஜ் கம்மியா இருக்கு, மோட்டாரப் போட்டுடாதம்மா, காயில் எரிஞ்சிடும்.” வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும்தானே, எப்படி எரியும் என்று மகள் நினைப்பாள். பாடநூல் அவளை அப்படித்தான் நினைக்கப் பழக்கியிருக்கிறது. அப்பா சொல்வதுதான் சரி. மோட்டார் வெறும் மின்தடைக் கம்பி இல்லை. கிணற்றுத் தண்ணீரை மேலே தள்ளும் சுமை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. மின்னழுத்தம் சரிந்ததும் மோட்டாரின் வேகம் சற்றுத் தளர்கிறது, அந்தச் சுமையைச் சமாளிக்க அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. காயிலில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. ராடில் நிலையாக இருப்பது மின்தடை, மோட்டாரில் ஏறக்குறைய நிலையாக இருப்பது சுமை. தூண்டல் மோட்டாரின் முழுக் கதை பத்தாம் வகுப்புக்கு அதிகம்தான். ஆனால் ‘திறன் மாறாமல் மின்னழுத்தம் குறைந்தால் மின்னோட்டம் என்ன ஆகும்’ என்பதற்கு ‘பி ஈக்வல் டு விஐ’ போதும். அது பாடநூலிலேயே இருக்கிறது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால், அப்பாவின் அனுபவமும் மகளின் அறிவியலும் ஒன்றை ஒன்று பொய்யாக்குவதுபோல் ஆகிவிடுகின்றன. கிராமத்துப் பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பாடத்தின் பெரிய நஷ்டம் இதுதான் என்பேன்.

பல்புக் கணக்குகளிலும் இதே கதை. 100 வாட் பல்பையும் 40 வாட் பல்பையும் 230 வோல்ட்டில் தொடராக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்? 40 வாட் பல்பின் மின்தடை 1322 ஓம், மற்றதற்கு 529. கணக்குப்படி 40 வாட் பல்பு சுமார் 20 வாட், 100 வாட் பல்பு சுமார் 8 வாட். மின்தடை கூடியதுதான் கூடுதலாக எரியும். வரிசை சரி, அதற்காக இந்தக் கணக்கை எனக்குப் பிடிக்கும். எண்கள் சரியில்லை. டங்ஸ்டன் இழையின் மின்தடை வெப்பநிலையோடு பல மடங்கு ஏறுவது. மல்டிமீட்டரில் அளந்தால், எரியாத பல்பு எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டாது. ‘மாறா வெப்பநிலையில்’ என்று ஓம் விதியை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு, வெள்ளைச் சூட்டில் எரியும் இழைக்கு அதைக் கேட்காமலே போடச் சொல்கிறோம். போதாக்குறைக்கு, இன்று வீடுகளில் எரிவது 9 வாட் எல்இடி. அதற்குள் இருக்கும் மின்னணுச் சுற்றுக்கு ‘வி ஸ்கொயர் பை ஆர்’ பொருந்தவே பொருந்தாது.

ஜெர்மானியப் பள்ளி ஆசிரியரான கியோர்க் ஓம் மட்டும் இந்த அவசரத்தைக் காட்டவில்லை. 1825-இல் வோல்டா அடுக்கை வைத்து அவர் செய்த முதல் சோதனைகள் தவறான சூத்திரத்தில் கொண்டுபோய் விட்டன; அடுக்கின் மின்னழுத்தம் நிலையாக நிற்கவில்லை. பிறகுதான் ஒரு முனை கொதிநீரிலும் மறுமுனை பனிக்கட்டியிலும் இருக்கும் வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். 1827-இல் அவர் புத்தகம் வந்தது. எதை நிலையாக வைப்பது என்ற கேள்வியில்தான் அந்த விதியே பிறந்தது. அவருடைய சமன்பாட்டில் சோதனைக் கம்பிக்கு ஓர் உறுப்பு, சுற்றின் மற்றப் பகுதிக்கு ஓர் உறுப்பு என்று இரண்டும் இருந்தன. பள்ளிக் கணக்கு இரண்டாவதைக் கழற்றி வைத்துவிட்டது.

செய்முறைத் தேர்வில் மின்தடை எண் காணும் சோதனை இருக்கிறது, நல்லது. ஆனால் ஒயர்கள் முன்கூட்டியே இணைக்கப்பட்டு, மாணவர் அளவீட்டை மட்டும் பார்த்து எழுதினால் அதுவும் பிரதியிடல்தான்.

மாற்றத்துக்குப் புதிய பாடத்திட்டம் வேண்டியதில்லை. ஒவ்வொரு கணக்குக்கும் முன்னால் ‘கூடுமா, குறையுமா, மாறாதா’ என்று ஒரு வரி கேட்டுவிட்டு எண்ணைக் கொடுத்தால் போதும். தேவையற்ற தரவு ஒன்றைச் சேர்த்துவிட்டால் முக்கோண உத்தி அங்கேயே படுத்துவிடும். இப்படிக் கேட்டால் திருத்துவது கடினம் என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கூற்று, காரணம் என்ற வினா வகை ஏற்கெனவே நம்மிடம் உண்டு. கூற்று: மின்னழுத்தம் குறைந்தால் ஹீட்டர் ராடு எடுக்கும் மின்னோட்டம் குறையும், தண்ணீர் இறைக்கும் மோட்டார் எடுப்பது கூடும். காரணம்: முதலாவதில் மின்தடையும் இரண்டாவதில் சுமையும் ஏறக்குறைய மாறாமல் இருக்கின்றன. நான்கு விருப்பங்கள், ஒரு மதிப்பெண், திருத்த அரை நொடி.