கல்லும் உருக்கும்

1834-ஆம் வருஷத்தில் இங்கிலாந்திலுள்ள வூலிச்சில் ஒரு பரீட்சை நடந்தது. சக்கிமுக்கிக் கல் வைத்த பழைய துப்பாக்கிகள் ஆறும், தட்டினால் வெடிக்கும் மருந்தடைத்த கேப்பைக் கொண்டு சுடுகிற, புதிதாக வந்திருந்த கேப்புத் துப்பாக்கிகள் ஆறும் தேர்ந்தெடுக்கப்பட்டு, வெயில் மழை என்று பாராமல் எல்லாப் பருவ நிலைகளிலும், வகைக்கு 6,000 வேட்டுகள் வீதம் சுடப்பட்டன. கேப்புத் துப்பாக்கிகள் 36 தடவை ஏமாற்றின. கல் துப்பாக்கிகள் 922 தடவை ஏமாற்றின. ஆறரை வேட்டுக்கு ஒன்று வீண் என்று ஏற்படுகிற இந்தக் கணக்கை எடுத்துக் காட்டி, இருநூறு வருஷங்களுக்கு மேல் ஐரோப்பாவின் யுத்தங்களையும் வேட்டைகளையும் நடத்திவைத்த ஒரு சாதனத்தை நம்பத் தகாதது என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கணக்கு பொய்யல்ல. ஆனால் அது எந்தத் தரத்துத் துப்பாக்கியின் கணக்கு, அதற்கு யார் என்ன சிரத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று விசாரிக்காமல் ஓர் இனம் முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது, கல்யாணப் பந்தலில் யாரோ ஒரு கற்றுக்குட்டி வாசித்ததைக் கேட்டுவிட்டு நாகஸ்வரமே சுருதி சேராத வாத்தியம் என்று முடிவு கட்டுவதற்குச் சமானம்.

கல் துப்பாக்கியின் யந்திரத்துக்குப் பூரண ரூபத்தை 1610-ஐ ஒட்டி உருவாக்கியவர் என்று பொதுவாக ஒப்புக்கொள்ளப்படுகிறவர், பிரான்ஸில் நார்மண்டிப் பிரதேசத்து லிஸியூ நகரத்தைச் சேர்ந்த மாரின் லெ பூர்ஷ்வா. ஓவியமும் வாத்தியம் செய்யும் தொழிலும் அறிந்தவர் அவர். அவருக்கு முன்பு, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல் முறுக்கி வைக்க வேண்டிய சக்கரத் துப்பாக்கி இருந்தது. அது பிரபுக்களுக்கே கட்டுப்படியாகிற விலை. கல் உரசும் துப்பாக்கிகளும் இருந்தன. ஆனால் அவற்றில் பல வகைகளில், உரசுகிற உருக்குத் தகடு ஓரிடத்திலும் மருந்துக் கிண்ணியின் மூடி வேறோர் இடத்திலுமாக இருந்தன. லெ பூர்ஷ்வா இந்த இரண்டையும் ஒரே துண்டாக இணைத்த அமைப்பைத் தம் உள் விசையோடு பொருத்தினார். நிமிர்ந்து நிற்கும் பாகம் கல்லின் அடியை வாங்குகிறது. படுத்திருக்கும் பாகம் கிண்ணியை மூடியிருக்கிறது. எந்த அடி பொறியைப் பிறப்பிக்கிறதோ அந்த அடியே மூடியையும் திறந்துவிடுவதால், மருந்து அந்தக் க்ஷணம் வரையில் காற்றுக்கும் தூறலுக்கும் மறைந்திருந்து, பொறி விழுகிற வேளைக்குத்தான் வெளிப்படுகிறது. இதைவிடச் சிக்கனமான சிந்தனையை யந்திர சாஸ்திரத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

பொறி கல்லிலிருந்து பறக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், கல்லின் கூரிய விளிம்பு உருக்கைச் சீவி எடுக்கிறது. சீவப்பட்ட நுண்ணிய துகள்கள் அந்த உராய்வின் சூட்டிலேயே காற்றோடு கலந்து எரிந்து கிண்ணியில் விழுகின்றன. எரிவது இரும்பே, கல் வெறும் உளி. ஆகவே உருக்கின் பதம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். பதம் தாழ்ந்தால் கல் அதை உழுதுவிடும். ஏறிவிட்டால் கண்ணாடியின்மேல் நகம்போல் வழுக்கிவிடும். இடைப்பட்ட அந்தப் பதத்தை, சூடேறிய உருக்கின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே கொண்டுவந்தான் கொல்லன்.

கிண்ணியில் பற்றிய தீ, குழலின் பக்கத்தில் இருக்கிற பற்றுவாய் என்னும் சிறு துளை வழியாக உள்ளே பாய்ந்து, கெட்டித்த மருந்தைப் பிடிக்க வேண்டும். ஏமாற்றம் நேர்கிற இடங்கள் இந்த வழி நெடுகிலும் உண்டு. கல் மழுங்கியிருக்கலாம், உருக்கில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருக்கலாம், கருமருந்தின் புகைக்கரி ஈரத்தை உறிஞ்சிக் கிண்ணியைச் சேறாக்கியிருக்கலாம், பற்றுவாய் அடைத்துக்கொண்டு, கிண்ணி மட்டும் பளிச்சென்று எரிந்து ஓயலாம். கிண்ணியில் மருந்தை அதிகமாகக் கொட்டுவதும் தவறு: பற்றுவாய் மருந்துக்குள் புதைந்தால், தீ தாவிப் பாய்வதற்குப் பதிலாகத் திரியில் ஊர்வதுபோல் ஊர்ந்து செல்லும். இத்தனை குற்றங்களிலும் ஒரு விசேஷம் என்னவென்றால், பெரும்பாலானவை கண்ணுக்கு எதிரே நிற்கின்றன. துடைத்து, ஊசியால் குத்தி, கல்லைத் திருப்பித் தோலுக்கிடையே இறுக்கிவிட்டால் நிவர்த்தியாகிவிடும். பட்டாளத்துச் சிப்பாயின் வாரில் ஒரு சிறு கம்பியும் ஒரு சிறு தூரிகையும் தொங்கியது இதற்காகவே.

ஆனால் வரிசையில் நின்று நிமிஷத்துக்கு மூன்று வேட்டுச் சுடவேண்டிய சிப்பாய்க்கு அவகாசம் ஏது? அவனுக்குக் கொடுத்த துப்பாக்கியும் அவசரத்தில் பிறந்ததே. 39 அங்குலக் குழலோடு, கிழக்கிந்தியக் கம்பெனி தன் சேனைகளுக்கென்று மலிவாகச் செய்வித்த மாதிரியை, பிரெஞ்சு யுத்த நெருக்கடியில் 1797-இல் பிரிட்டிஷ் ராணுவமே ஏற்றுக்கொண்டது. வூலிச் கணக்கு பட்டாளத் தரத்தின் கணக்கு.

அதே காலத்தில் லண்டனில் ஜோசப் மேன்டனின் பட்டறையிலிருந்து வந்த ஒரு வேட்டைத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். கல்லைப் பிடித்திருக்கும் குதிரையைப் பின்னுக்கு இழுக்கும்போது தொடக்கத்தில் வில் பலமாக எதிர்க்கிறது. பாதி ஏற்றத்தில் ஒரு மெல்லிய 'டிக்'. அதற்கு மேல் இழுக்க இழுக்கப் பாரம் குறைந்துகொண்டே வந்து, முழு ஏற்றத்தில் விரலுக்கு அடங்கிவிடுகிறது. உள்ளே வில்லுக்கும் சுழலும் குமிழுக்கும் நடுவே ஊசலாடும் ஒரு சிறு கொக்கி செய்கிற சாமர்த்தியம் அது. உருக்குத் தகடு புரளுகிற இடத்தில் ஓர் உருளி வைத்திருப்பதால் உராய்வு குறைவு. பற்றுவாய் தீயில் தின்னப்படாதிருக்கப் பொன்னாலோ பிளாட்டினத்தாலோ புறை இட்டிருக்கிறது. இந்த வசதிகளுக்கெல்லாம் சேர்த்து அவர் கேட்ட விலை அநியாயம்தான். ஆனாலும் ஜனங்கள் கொடுத்தார்கள். ஹென்றி நாக் என்பவர் 1787-இல் உரிமை பெற்ற அடிக்குழல் அமைப்பும் இதோடு சேர்ந்தபோது, தீ மருந்தின் நடுவே புகுந்து ஒரே மூச்சில் பற்றத் தொடங்கியது. நெடுங்குழலுக்கு அவசியம் இல்லாமல் போயிற்று. இப்படிச் செய்த துப்பாக்கியில், நல்ல கல்லும் உலர்ந்த மருந்தும் இருந்தால், விசையும் வேட்டும் இரண்டு சம்பவங்கள் என்றே காதுக்குத் தெரியாது.

முழுவதும் தெரியாது என்று சொல்லிவிடவும் முடியாது. கண்ணுக்கு அருகே ஒரு பளிச்சிடலும், அதற்கும் வேட்டுக்கும் நடுவே ஓர் இமைப்பொழுதும் இருக்கவே இருக்கின்றன. அந்த இமைப்பொழுதில் தோள் அசைந்தால் குறி போயிற்று. பறக்கும் பட்சியைச் சுடுகிறவன் விசையை அழுத்திய பிறகும் குழலை அதன் போக்கிலேயே நகர்த்திக்கொண்டு போகவேண்டும். இந்தத் துப்பாக்கியில் தேர்ந்தவன் வேறு எந்தத் துப்பாக்கியிலும் தடுமாறுவதில்லை என்று கிழ வேட்டைக்காரர்கள் பெருமையடித்துக்கொள்வதில் நியாயம் இல்லாமலில்லை.

கல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் தேன் நிறத்துக் கல்லை மெச்சினார்கள். ஆங்கிலேயருக்குச் சஃபோக் மாகாணத்து பிராண்டன் என்ற சிற்றூரின் கறுப்புக் கல்தான் கல். அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சுண்ணப் பாறைக்குள் குழி வெட்டி இறங்கி எடுத்த பாளங்களை, முதலில் பெருந் துண்டுகளாக உடைத்து, பிறகு நீண்ட சில்லுகளாக உரித்து, கடைசியில் சதுரமாகத் தட்டி முடிப்பார்கள். சில மைல் தூரத்திலுள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸில் கற்கால மனிதர்கள் மான்கொம்பைக் கொண்டு தோண்டியதும் இதே மாதிரியான கல்லைத்தான். கல் தட்டுகிறவர்களின் நெஞ்சில் அந்தத் தூசி படிந்து அற்பாயுளில் கொண்டுபோயிற்று. ஐரோப்பியச் சேனைகள் கைவிட்ட பிறகும் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, இருபதாம் நூற்றாண்டிலும் பிராண்டன் கல் விலைபோயிற்று. கேப்பு தீர்ந்தால் கப்பல் வரவேண்டும். கல் தீர்ந்தால் இன்னொரு கல். அந்தத் தேசத்து வேடனுக்கு எது நம்பகமானது என்று வூலிச் பரீட்சகர்கள் கேட்கவில்லை.

கிண்ணியின் அந்தப் பளிச்சிடலே கடைசியில் கல் துப்பாக்கிக்கு எமனாயிற்று. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி கிராமத்துப் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்ஸைத், கிண்ணியின் வெளிச்சத்தைக் கண்டதுமே காட்டு வாத்துகள் தப்பிவிடுவதைச் சகிக்காமல், தட்டினால் வெடிக்கும் ரசாயன மருந்தைப் பிரயோகித்து 1807-இல் உரிமை பெற்றார். ஜீவகாருண்யத்தைப் போதிக்க வேண்டியவருக்கு வந்த கவலை அது! மேன்டனும் அவ்வழியே போனார், அதற்காக ஃபோர்ஸைத் தொடுத்த வழக்கில் தோற்றார், 1826-இல் திவாலானார். கல்லைத் தொட்ட கைகள் பலவும் அதைக் கைவிட்ட அந்த நாளிலும், அவருடைய சிநேகிதர் கர்னல் பீட்டர் ஹாக்கர் கல் துப்பாக்கிக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தார்.

சொந்தக்காரர்கள் பலர் தங்கள் அருமையான கல் துப்பாக்கிகளைப் பட்டறைக்குக் கொடுத்து, கிண்ணியை அறுத்துக் குதிரையை மாற்றிக் கேப்புக்கு ஆக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் சேகரிப்பவர்களின் மோகம் வந்தபோது, வியாபாரிகள் அவற்றையே மறுபடி அறுத்துப் புதுக் கிண்ணி பொருத்திக் கல் துப்பாக்கிகளாக்கி விற்றார்கள். வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது தகட்டில் அடைக்கப்பட்ட பழைய திருகுத் துளைகளை. அடுத்தபடி உருக்கின் முகத்தை. நூறு வேட்டுக் கண்ட உருக்கில் மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடியிருக்கும்; துப்பாக்கி பழசாகவும் அந்த முகம் மட்டும் வழவழப்பாகவும் இருந்தால் சந்தேகப்பட இடமுண்டு. என்னைக் கேட்டால், 1825-இல் கேப்புக்கு மாற்றப்பட்டு அப்படியே இருந்துவிட்ட துப்பாக்கிக்கு நான் விலை கொடுப்பேன். இரண்டாம் தடவை கல் ஏந்திய வேஷத்துக்குக் கொடுக்கமாட்டேன்.