ஆல்பத்தில் இல்லாத படம்

நம் வீட்டு ஆல்பங்களில் முதல் நன்மைப் படம் இருக்கும், திருமணப் படம் இருக்கும். தவறாமல் வேளாங்கண்ணிக் கடற்கரைப் படம் ஒன்றும் இருக்கும். என் வீட்டிலும் அப்படித்தான். முழங்கால் நனைய அலையில் நிற்கும் அப்பா, இடுப்பில் தம்பியுடன் அம்மா. அவர்களுக்குப் பின்னால் வலையிழுக்கும் இருவர், முகம் தெளியாமல். ஆம்பூரில் சுண்ணாம்புத் தொட்டியருகே முப்பது ஆண்டுகள் நின்று தோல் பதனிட்ட அப்பா மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

பாலாற்று மணலைத் தவிர வேறு கரையறியாத நமக்குக் கடல் என்பது திருயாத்திரையின் நினைவு. அந்நினைவின் ஓரத்தில் மங்கலாக நின்றுவிட்டவர்களை நடுவில் நிறுத்துகிறார் மு. பழனிக்குமார். மதுரை மாவட்டத்து ஜவகர்லால்புரத்தில் பிறந்தவர். மீன் விற்ற தாயின் மகன். 2013-இல் சொந்தமாக ஒரு கேமரா வாங்கினார். 2017-இல் வெளிவந்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தின் ஒளிப்பதிவு அவருடையது. பி. சாய்நாத் 2014-இல் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணகத்தில் அவருடைய படக்கட்டுரைகள் வெளிவருகின்றன.

தம் ஊர்க் கண்மாய்களில் மீன் பிடிப்போரையும், மீன் விற்கும் தம் தாயையும் அவர் எடுத்த படங்களே இத்தனைக்கும் வேர். பிறந்த ஊரைப் படமெடுப்பவர் எளிதில் ஏக்கத்துக்கு இரையாகிவிடுவார். அந்தி வெயில், நீர்ப்பரப்பு, பாட்டியின் சுருக்கம் விழுந்த முகம் என்று நினைவு தனக்கு இனியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். பழனிக்குமார் அவ்வழியில் செல்லவில்லை. கேமரா கைக்கு வந்த பிறகே தாயின் உழைப்பை உற்றுநோக்கக் கற்றதாக அவர் ஒப்புக்கொள்கிறார். பெற்ற தாயின் பாட்டையும் பார்க்கப் பழக வேண்டியிருக்கிறது என்னும் அந்த நாணமே அப்படங்களுக்கு நேர்மையைத் தருகிறது.

அந்தப் பார்வைதான் அவரை இராமநாதபுரம் கடலுக்கும் இட்டுச் சென்றது. பாரதிநகர்ப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுப்பவர்கள். பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். கருவி என்று வேறொன்றும் பெரிதாக இல்லை. 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட தீவுகளைச் சுற்றியே பாசி வளர்வதால், மூழ்கும் உரிமையும் அவர்களுக்கு உறுதியானதன்று. துணி சுற்றிய அந்த விரல்களைக் காணும்போது, நமக்கு முன் நிற்பவர் மீன்கூடை சுமந்த ஒரு தாயின் மகன் என்பது புலப்படுகிறது. பரிதாபம் தேடி வந்தவரின் கண் முகத்தையே நாடும். இவர் கண்ணோ வேலை செய்யும் கையை நாடுகிறது.

குறை ஒன்றும் சொல்லவேண்டும். கடலின் நீலம் பேரழகாக விரியும் சில படங்களில் கூலியும் களைப்பும் அந்த அழகுக்குள் கரைந்துபோகின்றன. உடன் வரும் எழுத்தே அவ்விடங்களில் அவரைக் காக்கிறது. எழுத்தை நீக்கிவிட்டால் அப்படங்கள் நாட்காட்டிக்கும் போய்விடக்கூடும். 2022-இல் தயாநிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் பாராட்டை இக்குறை குறைத்துவிடாது.

இனி நம் பக்கம் திரும்புவோம். 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் உள்ளிட்ட பத்துப் பேர் மாண்டபோது, நம் வட்டாரத்து உழைப்பாளர் செய்தித்தாள்களில் படமாக வந்தார்கள். இறந்தால்தானா ஒருவர் படத்துக்குரியவர் ஆவார்? வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் காலணி தைக்கும் பெண்கள் விடியலில் பேருந்துக்குக் காத்து நிற்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் கைகளில் இன்று கேமரா உள்ள கைப்பேசி இருக்கிறது. பண்டிகைப் புடவையில் எடுக்கும் அம்மாவை, வேலை முடிந்து திரும்பும் அம்மாவாகவும் ஒருமுறை எடுத்து வைக்கலாம்.

என் அப்பாவுக்கு அந்தப் படம் வாய்க்கவில்லை. இனி வாய்க்கவும் வாய்க்காது.